ரபாயேல் சம்மனசு கரையேறிய கதை

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த தோட்டத்தில் இருபது வீடுகளும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தன. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் கோயில். சின்னக் கோயில்தான். கையில் மீன் வைத்திருக்கிற ரபாயேல் என்ற தேவதூதர், எங்கள் பேச்சில் சம்மனசானவர், அதற்குப் பாதுகாவலர். வழிப்போகிறவர்களுக்குத் துணை, நோயாளிகளுக்கு வைத்தியர் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தோம். ஆனால் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அந்த மீனைப் பற்றித்தான் கவலை. என் சித்தப்பா அதைப் பாரை என்பார். பக்கத்து வீட்டுச் சிங்கள மாமா தோரா என்பார். இரண்டு பேரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, குழாயடியில் நின்று, சாந்தில் செய்த மீனின் வாலைப் பற்றி வாய் ஓயாமல் சண்டை பிடிப்பார்கள்.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருடம், திருநாளுக்கு மறைமாவட்ட ஆயரான மேற்றிராணியார் வருகிறார் என்று அறிவித்தார்கள். அப்போது எங்கள் கோயில் குருவாக இருந்த சுவாமி புதிதாக மாறி வந்தவர். தமிழும் சிங்களமும் நன்றாகத் தெரியும். திருநாளுக்கு முந்தின மாலை ஆராதனை முடிந்ததும், கோயில் உண்டான வரலாற்றை இரண்டு பிள்ளைகள் மேடையில் ஒப்புவிக்க வேண்டும், ஒரு பிள்ளை தமிழில், ஒரு பிள்ளை சிங்களத்தில் என்று அவர் சொன்னார். தமிழுக்கு என்னைப் பிடித்தார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குக் கால் நடுங்கும். ஆனாலும் மனப்பாடம் மட்டும் குழாயைத் திறந்த மாதிரி வரும். சிங்களத்துக்குப் பக்கத்து வீட்டு மாமாவின் மகள். அவள் என் உயிர்ச் சிநேகிதி. மறுநாள் திருநாள் காலையில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் புதுநன்மையும், அதாவது முதல் முறை நற்கருணை வாங்குவதும்.

வீட்டில் கலியாணக் களை வந்துவிட்டது. அம்மா வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாள். சித்தப்பா என்னைத் தினமும் சீனிப் பெட்டி மேல் ஏற்றி நிறுத்தி ஒப்புவிக்கச் சொல்வார். சுவாமி நீல மையால் எழுதிக் கொடுத்த தாளில், தூத்துக்குடியிலிருந்து வந்த தோணிக்காரர் ஒருவர் புயலில் தப்பியதற்கு நன்றியாகச் சம்மனசின் சொரூபத்தைக் கொண்டுவந்து, ஓலைக் கொட்டில் போட்டு வைத்தார் என்று இருந்தது.

"அது எங்கட பூட்டன்தான் பிள்ளை. சுவாமி பேர் மட்டும் போடேல்ல. மேற்றிராணியாரிட காதில விழுற மாதிரிச் சொல்லு" என்பார் சித்தப்பா. நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னே வந்திருக்கும்.

நானும் சிநேகிதியும் குழாயடியில் வாளி நிறையும்வரை மாறி மாறிச் சொல்லிப் பழகினோம். அவளுடைய பாடம் எனக்கும், என்னுடையது அவளுக்கும் தானாகவே மனப்பாடமாகிவிட்டது. நாலாம் நாள் எனக்குத் திடீரென்று உறைத்தது. அவளுடைய தாளில் தோணியும் இல்லை, தூத்துக்குடியும் இல்லை. நீர்கொழும்புப் பக்கத்து மீனவர் ஒருவரின் வலை கனத்ததாம். இழுத்துப் பார்த்தால் பெட்டி, பெட்டிக்குள் சம்மனசாம்.

"உன்ர கதை பொய்" என்றேன்.

"உன்டதான் பொரு!" என்று அவள் சிங்களத்தில் திருப்பித் தந்தாள். "எங்கட தாத்தா சொன்னது, அது எங்கட பரம்பரை ஆள்." அவர்கள் அப்பாவைத்தான் தாத்தா என்பார்கள்.

ஒரு நாள் முழுக்க நாங்கள் கதைக்கவில்லை. மறுநாள் காலையில் அவளே வாளியோடு வந்தாள்.

"ரெண்டு தாளும் சுவாமி எழுதினதுதானே. ஒண்டு பொய்யெண்டா, கோயில் மேடையில மேற்றிராணியாருக்குப் பொய் சொல்லப்போறோம். பிறகு எப்பிடி நன்மை வாங்குறது?"

அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது. பாவத்தோடு நன்மை வாங்கினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லியிருந்தாள். நல்லவேளை, திருநாளுக்கு முந்தின காலை எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம் இருந்தது.

என் முறை வந்தது. முழங்காலில் நின்று, கட்டளைக்கு ஒன்றாக எல்லாப் பாவத்தையும் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டேன்.

"சுவாமி, இண்டைக்குப் பின்னேரம் ஒரு பொய் சொல்லப்போறன். அதுக்கும் இப்பவே மன்னிப்புத் தருவீங்களோ?"

"என்ன பொய்?"

"நீங்கள் எழுதித் தந்தது, சுவாமி."

தட்டிக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு இருமல். "மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லு" என்றார். சிநேகிதியும் அதையேதான் கேட்டாள். அவளுக்கும் மூன்று மந்திரம். அவளுக்கு ஒன்று கூடுதலாகக் கிடைத்திருந்தால் பொய் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்திருப்போம்.

மத்தியானம் எங்கள் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுக் கொடியில் காயவைத்திருந்தார்கள். காகம் வராமல் காவலிருந்தோம். அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு கதையையும் சேர்த்துவிட்டால் என்ன? சொல்லும்போதே எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"புயல் வந்த நேரம் தோணி தாழப் பாத்தது. அப்ப தோணிக்காரர் பெட்டியைக் கடல்ல இறக்கி, சம்மனசே, நீர் நீந்திக் கரைக்குப் போம் எண்டு சொன்னார்."

"சம்மனசுக்குச் செட்டை இருக்குதானே. ஏன் நீந்துறது?"

"செட்டை நனைஞ்சா பறக்கேலாது."

அவள் அதை ஒத்துக்கொண்டாள். "அப்ப எங்கட ஆளிட வலையில மாட்டினது அந்தப் பெட்டி!"

"ஓம்! தோணிக்காரர் கரைக்கு வந்து பாக்கிறார், இவர் பெட்டியைத் திறக்கிறார்."

"ரெண்டு பேரும் சண்டை பிடிச்சிருப்பாங்க."

"பிடிச்சிருப்பினம். ஆனா மழை வந்திட்டுது. சம்மனசு நனையும் எண்டு ரெண்டு பேரும் ஓடி ஓடிக் கொட்டில் போட்டினம்."

அவள் கைதட்டிக் குதித்தாள். குதித்ததில் கொடி அவிழ்ந்து சட்டை ஒன்று நிலத்தில் விழுந்து, அம்மாவிடம் இரண்டு பேருக்கும் அடி கிடைத்தது. அதுவும் அன்றைக்கு வலிக்கவில்லை.

மாலையில் கோயில் முற்றம் நிறைய வர்ண பல்புகள். சிவப்புக் கம்பளம் விரித்த மேடை, மேற்றிராணியாருக்குப் பெரிய நாற்காலி. முன்வரிசையில் வலப்பக்கம் சித்தப்பா, இடப்பக்கம் சிங்கள மாமா. சுவாமி ஓரமாக நின்று, தன் கையிலிருந்த பிரதியில் நான் சொல்லச் சொல்ல விரல் வைத்துக்கொண்டு வந்தார். புயல் வரைக்கும் விரல் நகர்ந்தது. தோணிக்காரர் பெட்டியைக் கடலில் இறக்கியதும் விரல் நின்றது. நான் சுவாமியைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோயில் வாசல் வழியாகத் தெரிந்த சம்மனசைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னேன். கால் நடுங்குவதைக்கூட மறந்துபோனேன். அடுத்து சிநேகிதி வந்து அதே கதையைச் சிங்களத்தில், வலையில் தொடங்கி மழையில் முடித்தாள். சனத்துக்குள்ளே குசுகுசுவென்று ஒரு இரைச்சல். மேற்றிராணியார் சிரித்தபடி கைதட்டினார். அவர் தட்டினால் எல்லாரும் தட்டத்தானே வேண்டும்.

இறங்கி வந்ததும் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "எங்கட பூட்டன் சம்மனசைக் கடல்ல போட்டவனோ? ஆரடி உனக்குச் சொன்னது?"

"அப்ப எங்கட ஆள் மத்தவன்ட சாமானையா பிடிச்சான்?" என்று மாமா தன் மகளிடம் கத்தினார்.

இரண்டு பேரும் சேர்ந்தே சுவாமியின் அறைவீட்டுக்கு முறையிடப் போனார்கள். திரும்பி வரும்போது வேறு வழக்கு நடந்தது. அப்படி ஒரு பெட்டியை ஈர மணலில் இழுக்க இரண்டு ஆள் போதுமா, மூன்று ஆள் வேண்டுமா என்று. மூட்டை தூக்குகிறவர்கள் அல்லவா, இரண்டு பேரும் கையை விரித்து விரித்து அளந்து காட்டிக்கொண்டு வந்தார்கள்.

எனக்குத்தான் அதற்குப் பிறகு சந்தோஷம் வற்றிப்போனது. சுவாமியின் பொய்க்கு நான் மூன்று மந்திரம் சொல்லிவிட்டேன். மேடையில் சொன்னது அவருடையது அல்ல. அது நானே உண்டாக்கிய பொய். அதற்குச் சங்கீர்த்தனம் பண்ண நேரமில்லை.

காலை ஆறு மணிப் பூசையில் வெள்ளை முக்காட்டோடு வரிசையில் முழந்தாளிட்டிருந்தேன். சுவாமி ஒவ்வொரு பிள்ளைக்கும் நன்மை கொடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அம்மா பின்னால் இருமினாள்.

"சுவாமி, பொய்..." என்று பல்லுக்குள்ளே சொன்னேன்.

அவர் குனிந்தார். "பூசை முடிய ரெண்டு பேரும் உள்ள வாங்கோ. இப்ப வாயைத் திற."

திறந்தேன். நாக்கு ஒட்டவில்லை.

பூசை முடிந்து, சுவாமி உடுப்பு மாற்றும் அறைக்குப் போனோம். மேசையில் இரண்டு வெள்ளைத் தாளும் இரண்டு பென்சிலும் இருந்தன. "நேற்றுச் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் எழுதுங்கோ. நீ தமிழில, இவ சிங்களத்தில" என்று சொல்லிவிட்டு சுவாமி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். வெளியே பாண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது, வெடி கொளுத்துகிறார்கள். சிநேகிதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பல வருடம் கழித்து, என் கலியாணத்துக்குப் பெயர் பதிய அதே அறைக்குப் போனபோது, அலுமாரியின் அடித்தட்டில் கோயிலின் முதல் பதிவுப் புத்தகத்தைக் கண்டேன். அட்டை மட்டும்தான் இருந்தது. உள்ளே கறையான் தின்று மண்ணாக்கிவிட்டிருந்தது. அது அந்தச் சுவாமி வருவதற்கு முன்பே போய்விட்டதாம். மேற்றிராணியார் வரலாறு கேட்டிருக்கிறார், இவரிடம் ஒரு வரிகூட இல்லை. சித்தப்பாவின் ஆட்கள் சொன்னதைத் தமிழிலும் மாமாவின் ஆட்கள் சொன்னதைச் சிங்களத்திலும் எழுதியிருக்கிறார். பாவம், வேறென்ன செய்வார்?

இந்த வருடத் திருநாள் மலரிலும் நாங்கள் பென்சிலால் எழுதிக் கொடுத்த அந்த வரலாறு இரண்டு பாஷையிலும் அச்சாகியிருக்கிறது. எங்கள் முன்னோர் வாய்வழியாகச் சொல்லி வந்தது என்று இளம் சுவாமி பிரசங்கத்தில் சொன்னார். வத்தளையிலிருந்து வந்திருந்த என் சிநேகிதி, கடைசி வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்து, என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அது எங்கள் கதை என்று நான் எழுந்து சொல்லவில்லை. அந்த வயதிலேயே வராத தைரியம் இனியா வரப்போகிறது?

அன்று அந்த மேசையில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? இது எங்கள் பொய்க்குத் தண்டனை என்றுதான் நாங்கள் இருவரும் நம்பினோம். பிழை விட்டால் இன்னும் ஒரு தரம் எழுதச் சொல்வார், சம்மனசின் சுற்றுப்பிரகார ஊர்வலம் போய்விடும் என்ற பயத்தில், எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, நிறுத்தக்குறிகூட விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, பாண்டுச் சத்தம் கேட்ட பக்கம் பார்த்து ஓடினோம்.