முதல் தட்டு

நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் உள்ள எங்கள் மீன்துறையில் விருந்தாளியை அடுப்படிக்குள் விடமாட்டோம், திட்டவும் மாட்டோம். கோடை முடிவில் மீனவர் கூடத்தில் ஊர் விருந்து. சமைப்பது ஊர்ப்பெண்கள். முதல் தட்டுகள் வெளியாட்களுக்கு: பாதிரியாருக்கு, நர்ஸம்மாவுக்கு, லெவினா அத்தைக்கு.

லெவினா அத்தை கைக்குழந்தையாக இங்கே வந்தவர். அக்கரைத் தீவை அரசாங்கம் காலிசெய்தபோது, அவர்கள் வீட்டையே கடலில் மிதக்கவிட்டுப் படகால் இழுத்து வந்தார்கள். இங்கேயே வளர்ந்து, எங்கள் ஊர் மீனவர் கஸ் என்பவரைக் கட்டிக்கொண்டு, குளிர்காற்றில் அவரோடு வலை இழுத்து, பிள்ளைகளை ஆளாக்கினார். கஸ்ஸை எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார். ஆனாலும் அவர் 'தீவுக்காரி'தான். யாரும் வெறுப்பாகச் சொன்னதில்லை. மரியாதையாகத் தள்ளி வைக்கிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? போகப்போக அவரே ஊர்க்கூட்டங்களில், "நான் தீவுக்காரி, எனக்கென்ன தெரியும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

நான் பட்டம் வாங்கி வந்த வருஷம் என்னையும் விருந்தாளி மேசையில் உட்கார வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. பக்கத்தில் அத்தை. அவர் கைப்பையிலிருந்து ஒரு சமையல் ஏப்ரனின் நாடா எட்டிப் பார்த்தது.

"இது எதுக்கு அத்தை?"

"வருஷா வருஷம் கொண்டு வர்றேன். மடிப்புக் கலையாம எடுத்துட்டுப் போறேன்."

அடுப்படிக்குத் தலைவி ட்ரிஃபீனா முதல் தட்டோடு வந்தார். உப்பிட்ட மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், பட்டாணி மசியல்.

"சூடா சாப்பிடு, தீவுக்காரி."

அத்தை தட்டை என் பக்கம் தள்ளினார். "இந்தாப்பா, புது விருந்தாளி." எழுந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்.

"உட்காருடி. விருந்தாளிய வேலை வாங்கினா ஊர் எங்களப் பார்த்துச் சிரிக்கும்."

"அறுபது வருஷமாவா விருந்தாளி? வர்ற பாதிரியார் எல்லாம் நாலு வருஷத்துல பெட்டியக் கட்டிடறாங்க. நான் எங்கயும் போகப்போறதில்ல ட்ரிஃபீனா. வழிய விடு."

ட்ரிஃபீனா நகரவில்லை. அத்தை அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே ட்ரிஃபீனாவும் ஓடினார்.

உள்ளே பாத்திரங்கள் உருண்டன. அப்புறம் ட்ரிஃபீனாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது:

"ஏய் லெவினா, கிழங்கு குழைஞ்சு கஞ்சியாகுது, கண்ண எங்கடி வச்சிருக்க? இறக்கு."

நர்ஸம்மா சங்கடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அத்தை வெளியே வந்தார். ஆவியில் சிவந்த முகம், ஏப்ரனில் பெரிய கறை. கையிலிருந்த தட்டைப் பாதிரியார் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்க ஃபாதர். எங்க ஊர்ச் சமையல்."