விமானத் தகட்டுக்கு நான் போட்ட டச்சப்

சிரிக்க மாட்டேங்கிற ஆளைச் சிரிக்க வைக்கிறதுதான் போட்டோகிராபர் பொழப்புல பாதி. கேமராவைத் தோள்ல மாட்டிக்கிட்டு அல்லாடுற அன்பர்களே, நான் மாட்டிக்கிட்டதைக் கேளுங்க.

எத்தனை பேர் சார்?

கள்ளக்குறிச்சியில இருக்கிற என் ஸ்டுடியோவுக்கு தியாகதுருகத்துலேருந்து ஞானப்பிரகாசம் சார் வந்தார். தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர், தனிக்கட்டை. பழைய விமானம் எங்கெங்க விழுந்து கெடக்குன்னு தேடிப் போறதுதான் அவருக்கு வேலை. கரியாலூருக்கு மேல மலைக்காட்டுல ஒண்ணு இருக்கு, வந்து படம் எடுத்துக் குடுன்னார். கல்யாண பார்ட்டிகிட்ட கேக்கிற மாதிரி, கூட எத்தனை பேர் வருவாங்கன்னு கேட்டேன்.

"ஆரு வருவா? சொன்னா லூசுங்கறாங்க. நீயும் நானுந்தான்."

கொஞ்சம் சிரிங்க

பஸ்ஸை விட்டு எறங்கி ரெண்டு மணி நேரம் நடை. பாறைச் சந்துல நசுங்கின தகடு ஒண்ணு, நாலஞ்சு கம்பி, அவ்வளவுதான். ச்சே, இதுக்கா இந்த நடைன்னு இருந்தது. சார் தகட்டுகிட்ட குனிஞ்சார். பழக்க தோஷம், "கொஞ்சம் சிரிங்க சார்"னுட்டேன். பாத்தா, மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருக்கார்! ஓட்டிக்கிட்டு வந்தவர் இங்கதான் செத்திருக்கார், பேர் தெரிஞ்சா அவருக்குக் கோயில்ல ஒரு பூசை வைக்கணும், அதுக்குத்தான் பன்னெண்டு வருஷமா அலையறேன்னார். எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. அங்கேருந்து ஒரு ஆணியைக்கூட எடுக்க விடல.

"எதையும் தொடாத. போட்டோ மட்டும் எடு. அந்தத் தகட்டை நல்லா கிட்டக்க எடு."

பளபளப்பு

மறுநாள் ஒரு முகூர்த்தம், கேமரா கார்டு காலியா வேணும். அதனால அன்னைக்கே படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, துடைச்சு, பளபளன்னு ஆக்கிட்டு ஒரிஜினலை அழிச்சிட்டேன். தகட்டுல ஏதோ அழுக்குக் கோடு. கை சும்மா இருக்குமா? அதையும் வழிச்சு எடுத்தேன். பிரிண்டைப் பாத்ததும் சார், தகட்டுல இருந்த கோடு எங்கடான்னார். அந்தக் கோடுதான் விமானத்தோட நம்பராம். வெறுங்கண்ணுல படிக்க முடியலன்னுதான் படத்தைப் பெருசாக்கிப் பாக்க நெனச்சிருக்கார். நம்பர் கெடைச்சா ஓட்டினவர் பேரைக் கண்டுபிடிச்சிடலாம்னு இருந்தார்.

"இன்னா தம்பி, கல்யாணப் பொண்ணுக்கு பவுடர் போடற மாதிரி போட்டு வுட்டியா?"

மறுபடியும் மலை

அந்த வாரமே என் வண்டியில ரெண்டு பேரும் ஓடினோம். பாறைச் சந்து காலி. காயலான்கடை ஆளு வந்து எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டுப் போயிட்டான்னு ஆடு மேய்க்கிற அம்மா சொன்னாங்க. கடை கடையா விசாரிச்சோம், ஒண்ணும் தேறல. ஒரு துண்டாவது மிச்சம் கெடக்கான்னு பாக்க, திரும்பவும் மலைக்கே போகலாம்னார் சார், போனோம். ஒரு மனுஷனுக்கு மிச்சம் இருந்த பேரை நானே அழிச்சிட்டேனேன்னு அந்தப் பாறையில உக்காந்து அழுதுட்டேன். திட்டுவார்னு பாத்தேன், திட்டல. பக்கத்துல வந்து உக்காந்தார்.

"வுடு தம்பி. இத்தினி நாளு அந்தாளுக்காக நான் ஒருத்தந்தான் வருத்தப்பட்டுக்கினு இருந்தேன். இப்ப நீயும் படற இல்ல."

அன்னையிலேருந்து மாப்பிள்ளை மூஞ்சியில இருக்கிற பருவைக்கூட, நாலு பேரைக் கேட்டுட்டுத்தான் அழிக்கிறேன்.