செவ்வாய்க்கிழமைக் கைதட்டல்

பேச்சியம்மாளுக்காக நாங்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தார்.

ஓடைப்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். குளுக்கோமீட்டர் எங்களுக்கு வந்த புதிது. டாக்டர் செவ்வாய்க்கிழமைதோறும் சர்க்கரை நோயாளிகள் பன்னிரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பார்ப்பார். தனித்தனியாகப் பார்த்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம். சேர்ந்து உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஒரு மணி நேரம். ஒருவர் கேட்கக் கூச்சப்படுவதை இன்னொருவர் கேட்டுவிடுவார். வெறும்வயிற்றில் சுகர் பார்த்து, ரீடிங்கைச் சத்தமாக வாசிப்பது என் வேலை. குறைவாக இருப்பவருக்குக் கைதட்டல். அது என் யோசனை. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை வேறு.

பேச்சியம்மாள் திராட்சைத் தோட்டக் கூலி. பந்தலுக்கடியில் கிடந்த கம்பி குத்தி, இடது காலில் ஆறாத புண். சுகரோ வாராவாரம் நூற்றுக்குள். டாக்டர் குழம்பிப்போனார்.

"சுகர் இவ்வளவு நல்லா இருக்கு, புண்ணு ஏன் ஆறலை? இப்படியே போனா காலுக்கே ஆபத்தும்மா."

"காலு போச்சுன்னா தோட்டத்துல யாரு சாமி வேலை குடுப்பாக?" என்று அழுதார் அவர்.

விழுந்த அன்று, வந்ததும் எடுத்த ரீடிங் 74. பன்னிரண்டு பேருக்கும் எடுத்து முடித்து நான் வாசிக்க முக்கால் மணி நேரமானது. கைதட்டினோம். விழுந்ததும் மறுபடி பார்த்தால் 38, உயிருக்கே ஆபத்தான அளவு. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீக?"

"ஞாயித்துக்கிழம ராத்திரி. இன்னைக்குக் காலையில மாத்திரை மூணு சேத்துப் போட்டேன்."

"ஏன் இப்படிப் பண்ணீக?"

"நீங்க கைதட்டுவீகல்ல சிஸ்டர். எனக்கு இதுவரைக்கும் யாரு கைதட்டியிருக்காக?"

ரிட்டயர்டு பஸ் டிரைவர் சவரிமுத்து மெல்ல எழுந்தார். "நானுந்தான் சிஸ்டர். திங்கக்கிழம சோத்தையே தொடுறதில்ல." இன்னும் நாலைந்து தலைகள் குனிந்தன. ஒரு நாள் பட்டினியில் வந்த ரீடிங்கை நம்பித்தான் வாரம் முழுவதற்கும் மருந்து எழுதியிருக்கிறோம்! டாக்டர் யாரையும் திட்டவில்லை. "நாமதான் சிஸ்டர் பரீட்சை வச்சோம்" என்றார்.

அடுத்த வாரம் முதல் வாசிப்பதை நிறுத்தினேன். ரீடிங்கைச் சீட்டில் எழுதி அவரவர் கையில் கொடுத்துவிட்டு, பேச்சியம்மாளின் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்யத் தரையில் உட்கார்ந்தேன். அவர் தன் சீட்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னைவிடச் சத்தமாக வாசித்தார்.

"இருநூத்தி எம்பத்தாறு! நேத்து மூணு வேளையும் சாப்பிட்டேன். மாத்திரையும் டாக்டரய்யா சொன்ன கணக்குத்தான்!"

சவரிமுத்து முதலில் தட்டினார். பிறகு எல்லோரும்.

அந்த ரீடிங்கை வைத்துத்தான் டாக்டர் இன்சுலின் ஆரம்பித்தார். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை, கால் தப்பியது. பேச்சியம்மாள் செருப்புப் போட்டுக்கொண்டு மறுபடி தோட்டத்துக்குப் போனார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மோசமான ரீடிங்கோடு வருகிறவரை முதலில் முகம் மலர்ந்து உட்காரச் சொல்லுங்கள்.

அந்த 286-க்கு அன்று டாக்டர்கூடத் தட்டினார். நான் மட்டும் தட்டவில்லை. என் இரண்டு கையிலும் பேச்சியம்மாளின் கால் இருந்தது.