நான் வைத்த நாலெழுத்துப் பெயர்

சமாதானக் காலத்தில், கிளிநொச்சியில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு மூன்று கணினிகள் வந்தன. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நாட்கணக்காக நின்று, ஒவ்வொரு வயரும் பட்டியலில் எழுதப்பட்டு வந்தவை. அவற்றை இயக்குவதற்கு ஒரு பெண்ணை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தார்கள்.

நான் அங்கே நிர்வாக உத்தியோகத்தர். தாபன விதிக்கோவையைப் புத்தகம் திறக்காமலே சொல்லக்கூடியவன். எந்தக் கோப்பு எந்த அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது என் தலைக்குள் இருந்தது, அலுமாரிகளைப் பூட்டித் திறக்கும் திறப்புக் கோர்வை என் இடுப்பில் இருந்தது. என்னைக் கேளாமல் ஒருவரும் எதையும் எடுக்க முடியாது. அதைத்தான் மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

அந்தப் பெண் அதிகம் கதைக்கமாட்டாள். உலகத்தில் யாரோ எழுதி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று விட்டுவைத்திருந்த இலவச மென்பொருள்களை இறுவட்டுகளில் கொண்டுவந்து, ஜெனரேட்டர் ஓடுகிற நேரங்களில் மட்டும் இருந்து, மீளக்குடியேறிய குடும்பங்களுக்கு ஒரு பதிவேடு செய்தாள். யாருக்குக் கூரையில்லை, யாருக்குக் கிணறில்லை என்பதெல்லாம் அதில் வரும். முதலில் என் கோப்புகளிலிருந்த பழைய பட்டியல்களைப் பரீட்சைக்காக ஏற்றியிருந்தாள். ஒருநாள் பணிப்பாளர் எங்கள் அறைக்கு வந்து, தர்மபுரத்தில் கிணறில்லாத குடும்பங்களின் விபரம் கேட்டார். நான் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அலுமாரியைச் சென்றடைவதற்குள் அவள் திரையைப் பார்த்து வாசித்து முடித்துவிட்டாள். பணிப்பாளர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் திறப்போடு நின்றேன்.

மார்கழியில் கொழும்பிலிருந்து ஒரு குழு வரவிருந்தது. பதிவேடு வேலை செய்கிறது என்று அவர்கள் எழுதினால் அவளுக்கு நிரந்தர நியமனம். இல்லாவிட்டால் ஒப்பந்தத்தோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தாயும் இரண்டு தங்கைகளும் அவளுடைய சம்பளத்தில்தான் இருந்தார்கள். அவளுடைய சுயவிபரக் கோப்பும் என் அலுமாரியில்தான் இருந்தது.

பதிவேட்டுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று வந்து நின்றாள்.

“‘நாற்று’ எண்டு வைப்பம் எண்டு நினைச்சனான் சேர்.”

“கொழும்பில ஆர் பிள்ளை அதை உச்சரிக்கப் போகினம்? இங்கிலிசில வை. முதலெழுத்துகளைச் சேர்த்தால் சின்னதா ஒரு பெயர் வரவேணும். அதுதான் முறை.”

அப்படி ஒரு முறையும் இருக்கவில்லை. பழைய கடிதவுறை ஒன்றின் பின்பக்கத்தைக் கிழித்து, செட்டில்மென்ட் அண்ட் நீட்ஸ் இன்பர்மேஷன் என்று எழுதி நீட்டினேன். எஸ், ஏ, என், ஐ. எழுதி முடிக்கும்போதே அது என்னவாக வாசிக்கப்படும் என்று எனக்குத் தெரிந்தது. பிறகுதான் தெரிந்தது என்று இப்போது எழுதலாம். மறுத்துச் சொல்ல ஒருவருமில்லை. ஆனால் தெரிந்துதான் கொடுத்தேன். அவள் கணினிக்காரி. நான்கு எழுத்தையும் தனித்தனியாக வாசித்து, “நல்லா இருக்கு சேர்” என்றாள்.

எங்கள் அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. மேலதிகாரி தன் யோசனையைத் தன் கையால் கோப்பில் எழுதமாட்டார். துண்டில் எழுதிக் கொடுப்பார். கீழே உள்ளவர் அதைப் பார்த்து, “பின்வருமாறு பெயரிடலாம் எனத் தயவுடன் சமர்ப்பிக்கிறேன்” என்று தன் கையெழுத்தில் எழுதிக் கொண்டுவருவார். மேலதிகாரி அதன் கீழே “அங்கீகரிக்கப்பட்டது” என்று ஒப்பமிடுவார். நன்றாக முடிந்தால் அங்கீகரித்தவர் கெட்டிக்காரர். பிழைத்தால் சமர்ப்பித்தவர் தலையில் விழும். அவளும் அப்படியே எழுதிக் கொண்டுவந்தாள். நான் பச்சை மையில் ஒப்பமிட்டேன்.

பொதுமக்களுக்கான படிவத்தில் திட்டத்தின் பெயரைத் தமிழிலும் போடவேண்டும். இது உண்மையான விதி. அச்சுக்குப் போகும் பிரதியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“சேர், தமிழில போட்டால் சனி எண்டெல்லோ வருது.”

“ஓம், வருது.”

“மாத்துவம் சேர். கணினியில ஒரு வரிதான். இது இலவச மென்பொருள், ஆரும் பெயரை மாத்தலாம். அதுக்கு உரிமை இருக்கு.”

“உன்ர கணினியில ஒரு வரி. அங்கீகரிச்ச பெயரை மாத்திறதெண்டால் புதுச் சமர்ப்பணம், பணிப்பாளற்ர ஒப்பம், பிறகு அமைச்சுக்கு ஒரு கடிதம். அதுக்குள்ள மார்கழி வந்திடும். உனக்கு மார்கழி முக்கியமோ, பெயர் முக்கியமோ?”

மார்கழி என்றாள். பணிப்பாளரிடம் வாயால் ஒரு சொல் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அதை அவளுக்குச் சொல்லவேண்டியவன் நான்தான்.

படிவங்களோடு நாங்கள் தர்மபுரத்துக்குப் போனது புரட்டாதி மாதம். வீடுகளில் சனிக்கிழமை விரதம் பிடித்து எள்ளெண்ணெய் எரிக்கும் மாதம். தலைப்பில் பெரிய எழுத்தில் ‘சனி: குடும்ப விபரப் படிவம்’. அதில் குடும்பத் தலைவர் ஒப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்கவேண்டும். மலையகத் தோட்டப்பக்கத்திலிருந்து கலவரத்தில் வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறிய ஒருவர் முதலாவதாக வந்தார். படிவத்தைத் தூரப் பிடித்து வாசித்தார். மடித்து மேசையில் வைத்தார்.

“ஏழரை முடிஞ்சு போன வருசந்தான் தல நிமுந்தோம். இப்ப சர்க்காரே சனிய வூட்டுக்குக் கொண்டாந்து குடுக்குதாம்மா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் எழுந்து நின்று, அது நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து என்று விளங்கப்படுத்தினாள்.

“அதெல்லாம் சரிம்மா. கையெழுத்து வைக்கிறது நாந்தானே. எனக்குக் கெணறு வேணாம், இதுவும் வேணாம்.”

அன்று பகல் முழுவதும் இருந்தோம். கிணறில்லாத சனம் கிணறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனது. மற்றக் கிராமங்களுக்கு நாங்கள் போகுமுன் கதை போய்ச் சேர்ந்திருந்தது. அலுவலகத்தில் அவளுக்குச் சனீஸ்வரி என்று பெயர் விழுந்தது. வாசலில் அவளுடைய சைக்கிள் தெரிந்தால், “சனீஸ்வரி வாறா, விலகி இருங்கோ” என்பார்கள். அந்தப் பெயரை வைத்தது காவலாளி என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். வைத்தவன் நான்.

மார்கழியில் குழு வந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். பரீட்சைக்கு ஏற்றிய பழைய விபரங்களை நீக்கிய பின், ஒப்பம் வைக்காத குடும்பங்களைச் சேர்க்க முடியாததால் அது பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. காரணம் கேட்டார்கள், அவள் சொன்னாள். பெயரை வைத்தது யார் என்று தலைவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். ஒப்பந்தக்காரி மேலதிகாரியைச் சபையில் காட்டிக் கொடுக்கக்கூடாது என்பதும் அங்கே வழக்கம்தான். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு கோப்பைத் திறந்து, உரிய பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவளுடைய கையெழுத்து அழகாக இருந்தது.

‘களநிலை அறிவு போதாது’ என்று அறிக்கை வந்தது. ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. கடைசி நாளில் மேசையைத் துடைத்துவிட்டு, “போட்டு வாறன் சேர்” என்றாள். நல்லது என்றேன்.

அவளுடைய பதிவேட்டை வவுனியாவில் வேறொரு அலுவலகம் பிரதி எடுத்து, பெயர் வரியை மாற்றிப் பாவித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எடுத்தவர்கள் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய கட்டாயமும் இல்லை, அது இலவசம்.

சண்டை மறுபடி தொடங்கிய பின் வவுனியாப் பக்கத்துப் பூவரசங்குளத்திலிருந்து அவளுடைய கடிதம் வந்தது. எந்த வழியாக வந்ததோ, உறை நைந்திருந்தது. ஒரு வேலைக்கு நேர்முகம் இருக்கிறதாம். பழைய அறிக்கையைக் காட்டித் தட்டிக் கழிக்கிறார்களாம். “சேர் எழுதித் தந்த துண்டை அந்தப் பக்கத்துக்குப் பின்னால் குண்டூசியால் குத்தி வைத்தனான். அதன் பிரதி ஒன்றை அனுப்பினால் போதும்.”

கோப்பை எடுத்துப் பார்த்தேன். துண்டு இருந்தது. குண்டூசி துருப்பிடித்து என் எழுத்தின் மேல் ஒரு பழுப்பு வட்டம் போட்டிருந்தது. குத்தும்போது எதற்காகக் குத்தினாள் என்று யோசித்தேன். விதிப்படி எல்லா இணைப்புகளையும் கோப்பில் சேர்க்கவேண்டும். அவள் விதியைத்தான் பார்த்திருப்பாள்.

‘கோரப்பட்ட கோப்பு இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று அன்றே பதில் எழுதினேன். அனுப்பிய அன்று அது பொய். சில மாதங்களில் அலுவலகம் கிளிநொச்சியை விட்டுத் தர்மபுரத்துக்கு நகர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றவேண்டிய கோப்புகளின் பட்டியலைத் தயாரித்தவன் நான். அந்தக் கோப்பைப் பட்டியலில் எழுதவில்லை. அதோடு என் பதிலும் சரியாகிவிட்டது.

ஓய்வூதியப் பத்திரங்களில் ஒரு கேள்வி இருந்தது: பொறுப்பிலிருந்த கோப்புகள் யாவும் ஒப்படைக்கப்பட்டனவா? ஆம் என்று எழுதினேன். குறிப்புகளுக்கென்று கீழே மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள். அவற்றின் குறுக்கே, முறைப்படி, ஒரு கோடு இழுத்தேன்.