முரளி சொன்ன ஐந்தாவது பெயர்

செய்தி வந்தபோது நாம் முரளியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

உங்களில் பலர் நம் பழைய அணியின் வாட்ஸப் குழுவில் இருந்தீர்கள். நம் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இதுவரை ஆடியவர்களில் தலைசிறந்த ஐவரின் பெயர்களை மைதானச் சுவரில் எழுதப்போகிறார்கள். நான்கு முடிவாகிவிட்டன. ஐந்தாவது முரளி என்றோம். மஞ்சள் காமாலையோடு மருத்துவமனையில் படுத்திருந்தவன் எழுதினான்: "என் பேரு வேணாம். கோபி பேர போடுங்க."

ஜுரம் தலைக்கு ஏறிடுச்சா என்று ஒருவன் கேட்டான். சிரித்தோம்.

மறுநாள் காலை அவன் எண்ணிலிருந்தே இன்னொரு செய்தி. எழுதியது அவன் தம்பி. "அண்ணன் போய்ட்டாரு."

கோபியா? அவன் கைக்குப் பந்து வருவதே அரிது. கூடை போடுபவன் முரளி. அவனைத் தடுக்க எதிரணி இருவரை ஏவினாலும் எப்படியோ தனியாக நிற்பான். "உனக்கு மட்டும் எப்படிடா இடம் கெடைக்குது?" என்று ஒருமுறை கேட்டேன். "கெடைக்கல. குடுக்குறாங்க" என்றான். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியூர் ஆட்டம் முடிந்து ரயிலில் திரும்பும்போது நமக்கு ஒரு வழக்கம். அன்று அதிகப் புள்ளி எடுத்தவனுக்கு ஜன்னலோரம். முரளி அதில் உட்கார்ந்ததே இல்லை. கோபியை இழுத்து உட்காரவைப்பான். எல்லோரும் இறங்கியபின்னும் ஆரம்பாக்கம் வரை போகிறவன் கோபி மட்டும்தானே என்று நாமே ஒரு காரணம் கண்டுபிடித்தோம். முரளி மறுக்கவில்லை. "அடி வாங்குனது அவன். உக்காந்துக்கினு வரட்டும் உடு."

என்ன அடி? யாரும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்தபின் பழைய ஆட்டங்களின் வீடியோக்களைப் போட்டேன். முரளியைப் பார்க்கத்தான். ஒரு கூடை. நிறுத்தினேன். பின்னுக்கு ஓட்டினேன். திரையின் ஓரத்தில் கோபி. முரளியைத் துரத்தி வருபவனின் வழியில் தூண்போல நிற்கிறான். வந்தவன் முழு வேகத்தில் மோதுகிறான். கோபி விழுகிறான். அதற்குள் முரளி பந்தை எறிந்துவிட்டான். கேமரா பந்தோடு போய்விடுகிறது. அடுத்த கூடை. மறுபடியும் கோபி.

கருமாதிக்குக் கும்மிடிப்பூண்டியில் அவன் வீட்டில் கூடியிருந்தோம். முரளியின் அம்மா கேட்டார்: "செவுத்துல எம்புள்ள பேரு எழுதுறாங்களாமே, எப்பப்பா?"

அவன் சொன்னதைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பக்கத்தில் இருந்த கோபி தலை நிமிரவில்லை. "எம்பேர எழுதுனா நானே வந்து சுண்ணாம்பு அடிப்பேன்."

"அவன் கடைசியா கேட்டதுடா."

"ஜுரத்துல இன்னா வேணா சொல்லுவான்."

"ஜுரத்துல சொல்லல நைனா," என்றார் அம்மா. "காலேஜ் போன நாள்லேர்ந்து இந்த ஊட்ல உன் பேருதான். கேட்டுக் கேட்டு எனக்கே பேஜாரா பூடும்." நம் பக்கம் திரும்பினார். "ஆனா அவன் பேரையே எழுதுங்க. அவன் சொன்னதெல்லாம் கேட்டேன். இது ஒண்ணு எனக்கு வேணும். போய்ப் பாக்கறதுக்கு ஒரு எடம் வேணும்ல."

முரளியின் பெயரையே எழுதினார்கள். அவன் சொல்லை மீறினோம். சரியா என்று இன்னும் தெரியவில்லை.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். ஆட்டம் பார்க்கும்போது இப்போது பந்தை விட்டுவிடுகிறேன். போன ஞாயிறு நம் மைதானத்தில் ஒரு கூடை விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எல்லைக் கோட்டுக்கருகே ஒருவன் முட்டியைத் தேய்த்தபடி எழுந்துகொண்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் போய் அவன் பெயரைக் கேட்டேன்.