என் படத்தைக் காட்டி விற்ற பின்கள்

நான் பின் சேர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் சேலைக்குக் குத்தும் ஊக்கைத்தான் நினைக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார் அவசரத்துக்கு ஒன்று வேண்டும் என்று என் கைப்பைக்குள் கையை விட்டே துழாவினார். நான் சேர்ப்பது வேறு. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் உலோகத் தகடு. முன்பக்கம் வழவழப்பான எனாமலில் ஒரு வாத்தோ பூனையோ விமானமோ இருக்கும். பின்பக்கம் ஒரு முள். சட்டையில் குத்தி, முள்ளின் முனையில் ரப்பர் மூடியைச் செருகிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களில் இவற்றை விற்பார்கள். சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தங்களிடம் இரண்டாக இருப்பதைக் கொடுத்து, இல்லாததைத் தபாலில் வாங்கிக்கொள்வார்கள்.

வில்லாபுரத்தில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் தங்கை ஒருமுறை மஞ்சள் வாத்துப் பின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வெள்ளைக் கோட்டில் குத்திக்கொண்டு போன அன்று, வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு சின்னப் பெண் அந்த வாத்தைப் பற்றிக் கேட்பதற்காக வாயைத் திறந்தாள். அப்படி ஆரம்பித்ததுதான். காத்திருக்கும் அறையில் பச்சைத் துணி ஒட்டிய பலகை ஒன்றை மாட்டி வரிசையாகக் குத்திவைத்தேன். பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் வராத நாட்களில் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தது நான்தான்.

ஒவ்வொன்றாக வாங்கினால் தபால் செலவு பின்னின் விலையைத் தாண்டிவிடும். அதனால் மொத்தமாக வாங்கும் ஆசை வந்தது. இணையத்தில் ஒரு விற்பனைத் தளத்தில் 'நூறு பின், நூறும் வேறு வேறு, நூறும் அசல்' என்று ஒருவர் போட்டிருந்தார். விலையைப் பார்த்ததும் சந்தேகம் வரத்தான் செய்தது. மொத்தமாக எடுத்தால் மலிவாகத்தானே இருக்கும் என்று நானே அந்தச் சந்தேகத்துக்குச் சமாதானம் சொல்லி உட்காரவைத்தேன்.

பார்சல் வந்தபோது ஒருவருக்கு ஊசி போட்டு, பல் மரத்துப்போகக் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் பிரித்தேன். பிரித்ததுமே பெயிண்ட் வாடை. பல்லைப் பெரிதாக்கிப் பார்க்கும் கண்ணாடி தலையிலேயே இருந்தது. அதை இறக்கிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நாள் முழுக்க எனாமலைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். நிறம் கோட்டுக்குள் நிற்காமல் வழிந்திருந்தது. நடுவில் குழி. ஓரத்தை விரலால் தடவினால் பிசிறு குத்தியது. அசல் பின்னைத் திருப்பினால் பின்பக்கத்தில் ஓடும் சிறு பூவேலை விளிம்புவரை போய், விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கும். இதில் பூவேலை விளிம்புக்கு முன்னாலேயே நின்று, சுற்றிலும் ஒரு வெற்றுக்கரை இருந்தது. அசலின் மேல் அச்செடுத்து வார்த்த நகல் வேலை. ஒரு பூனைக்கு ஒரு கண் பச்சை, ஒரு கண் நீலம். வாத்துக்கு மூக்கே இல்லை.

நாற்காலியில் இருந்தவர் மரத்துப்போன வாயோடு, "என்ன டாக்டர், பல்லுல எதுவும் பிரச்சனையா?" என்றார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே விற்றவருக்கு எழுதினேன். 'டியர் மேடம், நூறு சதவீதம் ஒரிஜினல்' என்று பதில் வந்தது. பூனையின் கண்களைப் படமெடுத்து அனுப்பினேன். 'லிமிடெட் எடிஷன் மேடம்' என்றார். தளத்தில் புகார் கொடுத்தால், பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேண்டும் என்றார்கள். நாற்காலியில் ஆளை வைத்துக்கொண்டு பிரித்த நான் வீடியோவுக்கு எங்கே போவேன். அதையும் எழுதினேன். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று வந்தது. பொறுமையாக இருக்கிறேன் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

என் வீட்டுக்காரருக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். போலிச் சாமான் என்றால் சாதாரணமாகவே கொதிப்பார். இந்த விஷயத்தில் மட்டும் கொதிக்கவில்லை.

"டூப்ளிகேட் பேரிங் போட்டா நடுக்காட்டுல வண்டி நின்னுரும். இதுல என்ன நிக்கப்போவுது? சட்டையில குத்துனா குத்துதுல்ல?"

"ஏங்க, குத்துறதுக்கா வாங்குறேன்?"

"பின்னு வேற எதுக்கு வாங்குவாக?"

இதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று திரும்பவும் விற்றவரிடமே போனேன். ஒருவேளை அந்த ஆளுக்கே அசல் எது, போலி எது என்று தெரியாமல் இருக்கலாம்; எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று ஒரு நினைப்பு. காத்திருக்கும் அறைக்குப் போய், நல்ல வெளிச்சத்தில் என் பலகையை முழுசாகப் படமெடுத்தேன். 'அசல் இப்படி இருக்கும், உங்கள் சரக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்' என்று எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. 'சூப்பர் கலெக்‌ஷன் மேடம். தேங்க்ஸ்.'

சில வாரங்கள் கழித்து ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். டோக்கன் வாங்கி, முறைப்படி காத்திருந்து, உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார். விளக்கைத் திருப்பி "ஆ காட்டுங்க" என்றேன். அவர் வாயைத் திறக்காமல் மடியில் இருந்த பிளாஸ்டிக் பையைத் திறந்தார்.

"பல்லுக்கு வரல டாக்டர். இதுக்கு வந்தேன்."

பை நிறையப் பின்கள். மேலேயே கிடந்தது மூக்கில்லாத வாத்து.

"நல்லா இருக்கா உங்களுக்கு? படிச்சவங்க, டாக்டரா வேற இருக்கீங்க. வெளிய பலகையில அம்புட்டும் ஒரிஜினலக் குத்தி வச்சுக்கிட்டு எங்களுக்கு இதையா அனுப்புவீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதே விற்பனைத் தளம், அதே ஆள், 'நூறும் அசல்'. அதற்கு மேலே என் பச்சைப் பலகை. மூலையில், கீழ்வீட்டு அரிசிக்கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி பாதி தெரிந்தது. அதில் இருந்த கடைப் பெயரையும் வில்லாபுரம் என்பதையும் பெரிதாக்கிப் பார்த்து, அரிசிக்கடைக்கே போன் போட்டு, இப்படி ஒரு பச்சைப் பலகை யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அரிசிக்கடைக்காரரும் மாடியில் பல் டாக்டரம்மா என்று வழிசொல்லி, திங்கட்கிழமை கூட்டம் இருக்காது என்று ஆலோசனையும் கொடுத்திருக்கிறார்.

நான் மேசை இழுப்பறையைத் திறந்து என் பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் இரண்டு பைகளையும் மாறி மாறிப் பார்த்தார். என் பையிலும் ஒரு மூக்கில்லாத வாத்து இருந்தது.

"உங்களுக்குமா?" என்றார்.

"எனக்குத்தான் முதல்ல."

கோபம் இறங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒத்தக்கடையில் புது வீடு கட்டிக் குடியிருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். விமானப் பின்கள்தான் அவருக்கு உயிர். பெங்களூரில் பின் சேர்ப்பவர்கள் கூடி மாற்றிக்கொள்ளும் ஒரு சந்திப்புக்கு, இந்த நூறையும் அழகாக ஒரு ஆல்பத்தில் அடுக்கி, லீவு போட்டு ரயிலேறிப் போயிருக்கிறார்.

"எதுக்க உக்காந்திருந்தவரு ரெண்டு பின்னத் திருப்பிப் பாத்தாரு. அவரு ஆல்பத்த மூடிட்டாரு. பக்கத்துல இருந்தவங்களும் பாத்தாங்க, அவங்களும் மூடிட்டாங்க. அப்பறம் அன்னைக்கு முழுக்க ஒருத்தரும் எங்கிட்ட வரல டாக்டர். நான்தான் ஏமாத்த வந்துருக்கேன்னு நெனச்சிட்டாங்க."

எனக்குப் போனது ஒரு பார்சலின் பணம். அவருக்கு ஒரு சபையில் மானம் போயிருக்கிறது.

அவர் பேசப் பேச, கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல் பாதி கறுத்துப்போயிருப்பது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம்தான் பார்க்காத மாதிரி இருப்பது? சொன்னேன். "வலிக்குமே?" என்றேன். "ரெண்டு மாசமா வலிக்குது, அதுக்கு எங்க நேரம்?" என்றார். பின்னுக்காகப் பெங்களூர் வரை போக நேரம் இருந்திருக்கிறது. அன்றே வேர்சிகிச்சையைத் தொடங்கினேன். வாய் திறந்திருந்ததால் திட்டுவது அவருக்கு நின்றது; எனக்கு நிற்கவில்லை.

இருவரும் சேர்ந்து தளத்தில் புகார் கொடுத்தோம். அது என் படம் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். அதே பலகையை, அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் மறுபடி படமெடுத்து அனுப்பினேன். இரண்டு படங்களிலும் நாட்காட்டியில் தேதி வேறு வேறாக இருப்பதால் இரண்டையும் ஒரே படமாகக் கருத முடியாது என்று பதில் வந்தது. நாட்காட்டியில் தேதி மாறத்தானே செய்யும். அதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பக்கத்தில் மனிதர் யாராவது இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை.

நூலகருக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. வேறு பெயரில், புதிதாக வாங்க வருகிறவர் போல, அந்த ஆளிடம் கேட்டார்: பின்களுக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள், அப்போதுதான் சரக்கு உங்கள் கையில் இருக்கிறது என்று நம்புவேன். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. என் பலகைதான். அதன் நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் வெட்டி ஒட்டப்பட்டு, எதன் மேலும் உட்காராமல் காற்றில் நின்றது. நாட்காட்டியை விடப் பெரிது. நூலகர் அதை எனக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தார்.

"பழத்துக்கு நெழல்கூடப் போடல டாக்டர். நம்மள எம்புட்டு மட்டமா நெனச்சிருக்கான் பாருங்க."

அந்தப் படத்தையும் புகாரோடு சேர்த்தோம். எது வேலை செய்தது என்று தெரியாது, அந்த விளம்பரம் ஒருநாள் காணாமல் போனது. அடுத்த வாரமே வேறு கடைப்பெயரில், படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டு மறுபடி வந்துவிட்டது. இந்த முறை அரிசிக்கடையின் பெயரை வாசிக்க முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும்.

கையில் இருக்கும் போலிகளை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. "பிள்ளைகளுக்குச் சும்மா குடுத்துரு" என்றார் வீட்டுக்காரர். எதைப் பூசியிருக்கிறான் என்றே தெரியாத பிசிறுத் தகட்டைப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது? அவை வாய்க்குத்தான் போகும். யாருக்குக் கொடுத்தாலும் சுற்றிச் சுற்றி இன்னொருவர் ஆல்பத்துக்குள் போய் உட்காரும். தெருவில் வந்த பழைய இரும்புக்காரரிடம் நூலகர் என்னிடமே விட்டுப்போனதையும் சேர்த்து இரண்டு பைகளையும் கொண்டுபோனேன். ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினார், காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை.

"இரும்பு இல்லக்கா. பித்தளையும் இல்ல. இத நான் எதுல சேக்க? வேணாம்க்கா."

எடைக்குக்கூடப் போகாத சரக்கு. கடைசியில் வீட்டுக்காரரே அவற்றைக் கடைக்குக் கொண்டுபோய், பட்டறைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கிக் கழிவோடு போட்டார். தட்டிவிட்டு வந்து, "லேசா தட்டுனதுமே ஒடையுது. படு மட்டமான சாமான்" என்றார் உண்மையான கோபத்தோடு. இத்தனை நாள் நான் சொன்னது சுத்தியல் வழியாகத்தான் அவர் காதில் ஏறியிருக்கிறது.

இப்போதும் மொத்தமாக வாங்குகிறேன், விடமுடியவில்லை. ஆனால் வீடியோவில் வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்கிறேன். சலித்துக்கொள்கிறவரிடம் வாங்குவதில்லை. முதலில் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சம். ஊரெல்லாம் தேடிக் கிடைக்காத பின் ஒருவரிடம் மட்டும் குவியலாக இருந்தால் நம்புவதில்லை. பார்சலைப் பிரிக்கும்போது கிளினிக் உதவியாளர் அக்கா போனைப் பிடித்துக்கொள்வார். "ஏன் டாக்டர், கல்யாண வீடியோ மாதிரி எடுக்கணுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். நூலகருக்கு என்னிடம் இரண்டாக இருந்த விமானப் பின்களைக் கொடுத்தேன். அடுத்த பெங்களூர் சந்திப்புக்கு அவற்றோடு போய், தன்னிடமிருந்த அசல்களை மட்டும் விரித்து உட்கார்ந்தார். போன முறை எதிரே உட்கார்ந்திருந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு இந்த முறை ஆல்பத்தைத் திறந்தாராம்.

ஏமாந்தவர்களிடமிருந்து வரும் போன்கள் மட்டும் நிற்கவில்லை. படத்தைத் திருப்பிப் போட்டாலும் மக்கள் எப்படியோ அரிசிக்கடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அரிசிக்கடைக்காரரும் சலிக்காமல் என் நம்பரைக் கொடுக்கிறார். போன வாரம் தேனிப் பக்கமிருந்து ஒரு பெண். எடுத்த எடுப்பில் "பின்னு" என்றார். அவர் முடிக்கும் முன்பே நான் ஆரம்பித்தேன்: நான் விற்கவில்லை, அது திருடப்பட்ட படம், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், விளிம்பைத் தடவிப் பாருங்கள், இன்ன இடத்தில் புகார் கொடுங்கள். இடைமறிக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"சரி மேடம். அந்த ஆளுக்கு இந்தப் போட்டோ எப்படிக் கெடச்சுச்சு?"

நான்தான் அனுப்பினேன் என்றேன்.

"சரிங்க மேடம், வச்சிர்றேன்" என்றார், உடம்புக்கு முடியாதவரிடம் பேசுவது போல, ரொம்ப மெதுவாக.