புளியஞ்சோலையிலிருந்து மோட்டாரில்

தோழிகளே, இன்று பிள்ளைகளோடு கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலைக்குப் போய்விட்டு மோட்டாரில் திரும்பினோம்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போலப் பறந்தார். சின்னவள் வாந்தி எடுத்தாள். பெரியவன் கதவில் சாயாமல் நான் இழுத்துப் பிடித்திருந்தேன்.

“கொஞ்சம் மெதுவாப் போங்க” என்றேன். ரப்பர் ஹாரன்தான் பதில் சொன்னது.

வழியில் மிளகு மூட்டையோடு நடந்துபோன மலைக்காரப் பெண்ணை, பாவம் என்று ஏற்றிக்கொண்டார். முதல் வளைவிலேயே அவள் சொன்னாள்: “ஏனுங்க சாமி, எறக்கி உட்டுருங்க. நான் நடந்தே போயிக்கறேன்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது.

அதன்பின் துறையூர் வரை ஒரு மாட்டுவண்டியைக்கூட முந்தவில்லை. பிள்ளைகள் மயில் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

இத்தனை வருஷத்தில், இறங்கி நடக்கிறேன் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. உங்களில் யாராவது சொல்லிப் பார்த்ததுண்டா?